மண்ணில் புதைக்காத எக்காளம்

(பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 25:14-30. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நற்செய்தியில் ஒரு தலைவர் நெடும்பயணம் போகிறார். போகும் முன் தம் பணியாளர்களைக் கூப்பிட்டு, ஒருவருக்கு ஐந்து தாலந்து, இன்னொருவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று என்று ஒப்படைக்கிறார். தாலந்து என்றதும் ஏதோ சில்லறைக் காசு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஓய்வுநாள்களைக் கழித்துக் கணக்குப் பார்த்தால், ஒரு தாலந்து என்பது சுமார் 20 ஆண்டு உழைப்பின் கூலி. ஆகவே ஒன்றே ஒன்று பெற்ற அந்த மூன்றாமவரும் ஏழையாக விடப்படவில்லை. அவர் கையிலும் ஒரு பெருஞ்செல்வம் இருந்தது.

அவர் அதை என்ன செய்தார்? திருடவில்லை. குடித்து அழிக்கவில்லை. சூதாடவில்லை. பத்திரமாக மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்தார். கேட்ட நாளில் ஒரு காசும் குறையாமல் எடுத்துக் கொடுத்தார். நம்மில் பலர் அவரை நல்ல மனிதர் என்றே சொல்லியிருப்போம். ஆனால் தலைவர் அவர்மீதுதான் கோபம் கொள்கிறார். காரணம், அந்தப் பணம் காவல் காப்பதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. வாணிபம் செய்வதற்காகக் கொடுக்கப்பட்டது. வாணிபம் வீட்டுக்குள் நடக்காது. சந்தைக்குப் போக வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு பேச வேண்டும். நட்டம் வருமோ என்ற பயத்தோடு இரவில் படுக்க வேண்டும். அந்தப் பயத்தைத் தாங்க முடியாதவர் மண்ணைத் தோண்டினார்.

வருகிற 22ஆம் நாள், இசைக் கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அத்துடன் இந்த ஞாயிறு, திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய வறியோர் உலக நாள். இந்த மூன்றையும், அதாவது தாலந்து உவமையையும் இசையையும் வறியோரையும், ஒன்றாகச் சேர்த்துச் சிந்திக்க ஒரு மனிதரின் வாழ்க்கை நமக்கு உதவும். அவர் புனிதர் அல்ல, துறவியும் அல்ல. நட்சத்திர ஓட்டலில் எக்காளம் ஊதியவர். எக்காளம் என்று நான் சொல்வது, நம் பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதும் டிரம்பெட்.

அவருடைய பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். நம் வழக்கில் சொன்னால் அந்தோணி சவேரியார். 1916இல் கோவாவின் வடபகுதியில் உள்ள அல்டோனா என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊரின் ஆலயம் புனித தோமையாரின் பெயரைத் தாங்கியது. மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர் சிக் சாக்லேட். பம்பாயில் அவரை இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்றே அழைத்தார்கள்.

ஒரு கோவா கிராமத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த இசை எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள, கோவாவின் பங்குப் பள்ளிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்த்துக்கீசியர் காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் ஆலயத்தை ஒட்டிப் பங்குப் பள்ளி இருந்தது. அதை நடத்திய ஆசிரியருக்கு மெஸ்த்ரே என்று பெயர். நாம் கட்டட வேலையில் மேஸ்திரி என்கிறோமே, அதே போர்த்துக்கீசியச் சொல்தான். அவர் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். அதோடு ஐந்து கோட்டில் எழுதிய இசைக்குறிப்பைப் படிக்கவும், பல குரலில் பாடவும், வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். நோக்கம் ஒன்றே ஒன்று: ஞாயிறு திருப்பலியிலும் திருவிழாவிலும் பாடகர் குழு ஒழுங்காக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகள் பின்னாளில் என்ன ஆவார்கள் என்று அந்த மெஸ்த்ரேக்கு எந்தத் திட்டமும் கிடையாது.

ஆனால் கோவாவில் அன்று வேலை இல்லை. நிலம் சிலரிடம் இருந்தது, தொழிற்சாலை கிடையாது. இளைஞர்கள் பம்பாய், கல்கத்தா, கராச்சி, ரங்கூன் என்று புறப்பட்டார்கள். சிலர் சமையல்காரரானார்கள், சிலர் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்தது. ஊமைப் படம் ஓடிய கொட்டகைகள், சமஸ்தானங்களின் பேண்டு, பட்டாளத்துப் பேண்டு, பெரிய ஓட்டல்களின் நடன மண்டபம் என எல்லா இடத்திலும் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. பம்பாயில் தோபி தலாவ் பகுதியில் கோவா மக்கள் ஊர்வாரியாகத் தங்கும் அறைகள் இருந்தன. அவற்றுக்குக் குட் என்று பெயர். ஒவ்வொரு குட்டிலும் ஒரு சிறு பீடம் உண்டு. மாலையில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்வது அந்த இடத்தின் சட்டம். செபமாலையை முடித்துக்கொண்டு வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

1935இல் லியோன் ஆபி என்ற கறுப்பின அமெரிக்கர் தம் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்து வாசித்தார். அவருக்குப் பின் கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்டு முதலியோர் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த இசைக்கு ஜாஸ் என்று பெயர். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களில் உருவாக்கிய இசை அது. நம் கர்நாடக இசையில் மனோதர்மம் என்கிறோம் அல்லவா, அதைப் போன்ற ஒன்று அதன் உயிர். எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த நொடியில் தமக்குத் தோன்றும் கற்பனையோடு தனியாக வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் அடக்கமாகத் தாங்கிப் பிடிப்பார்கள். தம் முறை முடிந்ததும் அவர் பின்வாங்கி, அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்.

சிக் இந்த இசையைக் கேட்டுக் கேட்டே பிடித்தார். அவருடைய ஆதர்சம் லூயி ஆம்ஸ்ட்ராங். அந்த ஆம்ஸ்ட்ராங்கின் கதையும் நமக்கு உரியதே. மிக வறிய வீட்டுப் பிள்ளை. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பிடித்துச் சீர்திருத்த இல்லத்தில் அடைத்தார்கள். அங்கே பேண்டு கற்பித்த பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அந்தச் சிறுவனை நம்பி ஓர் ஊதுகருவியைக் கையில் கொடுத்தார். உலகத்தின் இசையே அதனால் மாறியது. அங்கே ஒரு டேவிஸ் வாத்தியார். கோவாவில் பெயர் தெரியாத எத்தனையோ மெஸ்த்ரேக்கள். தாலந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் விதத்தைப் பாருங்கள்.

சிக் தமக்கென்று ஒரு குழுவை அமைத்தார். 'சிக் அண்ட் தி மியூசிக் மேக்கர்ஸ்' என்று பெயர். தாஜ்மகால் ஓட்டலில் அந்தக் குழு வாசித்தது. குழுத் தலைவர் என்றால் முன்னால் நின்று கைதட்டு வாங்குபவர் மட்டுமல்ல. எந்தப் பாட்டு எப்போது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே குறிப்பு எழுத வேண்டும். யார் வரவில்லை என்றாலும் கச்சேரி நடக்க வேண்டும். இரவு முடிந்ததும் அத்தனை பேருக்கும் கூலி பிரித்துக் கொடுக்க வேண்டும். அத்தனை குடும்பங்களின் அரிசியும் அவர் மூச்சில் இருந்தது.

அதன் பிறகு சினிமா வந்தது. 1949இல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டம் வந்தபின் இரவு விடுதிகளில் வருமானம் சுருங்க, இசைக்கலைஞர்கள் பலர் படப்பிடிப்பு நிலையங்களையே முழுவதுமாக நம்ப வேண்டியதாயிற்று. சிக் சாக்லேட் இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவிடம் உதவியாளராக இருந்தார். யார் இந்த ராமச்சந்திரா என்று கேட்காதீர்கள். நம் வஞ்சிக்கோட்டை வாலிபன் படத்துக்கு 1958இல் இசை தந்தவர் அவரே. 1951இல் வெளிவந்த அல்பேலா என்ற இந்திப் படத்தில் மேல்நாட்டுத் துள்ளலோடு வரும் பாடல்களுக்குப் பின்னால் சிக்கின் கைவண்ணம் இருந்தது. அவரும் அவருடைய குழுவும் அந்தப் படத்தில் திரையிலேயே தோன்றினார்கள். 1950களில் சில படங்களுக்கு அவரே தனியாகவும் இசையமைத்தார். 1966இல் வந்த ஆக்ரி கத் படத்தில் ஒரு விடுதிக் காட்சியில் அவர் எக்காளம் ஊதுவதை இன்றும் பார்க்கலாம். அடுத்த ஆண்டு, 1967இல், 51 வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அன்பானவர்களே, இந்த வாழ்க்கையை வைத்து நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: அந்தப் பங்குப் பள்ளிகளின் உழைப்பு வீணானதா? பீடத்துக்காகக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்களோ ஓட்டலில் ஆடுவோருக்காக வாசித்தார்கள். கோயில் பணம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று ஒரு கணக்குப்பிள்ளை வருத்தப்படலாம்.

இந்த வருத்தம் திருஅவைக்குப் புதியதல்ல. 1903இல் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி ஒரு மடல் எழுதினார். ஆலயத்துக்குள் பியானோவும் மேளமும் கூடாது, பேண்டு வாசிக்கக் கூடாது என்று அதில் விதித்தார். ஆலயத்துக்கு வெளியே பவனியில் மட்டும், ஆயரின் அனுமதியோடு, உலகப் பாடல்கள் எதையும் வாசிக்காமல் இருந்தால், பேண்டு வரலாம் என்றார். நாடக மேடைப் பாணி திருப்பலிக்குள் புகுந்துவிட்ட காலத்தில் அவர் அப்படிச் சொன்னதற்கு நியாயமான காரணம் இருந்தது. செபத்துக்கு அமைதி வேண்டும். பீடத்துக்கு மரியாதை வேண்டும். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், புனிதப் பணிக்குத் தகுதியான, இறைமக்கள் பக்தியில் வளர உதவும் பிற கருவிகளுக்கும் வாசலைத் திறந்தது. ஆனால் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். எது கோயிலுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பது வேறு கேள்வி. கோயிலில் கற்றதை வெளியே கொண்டுபோகலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் திருஅவை ஒழுங்குமுறை வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இன்றைய உவமை பதில் சொல்கிறது: கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.

இந்தக் கேள்வியோடு போராடிய இன்னொரு இசைக்கலைஞரும் உண்டு. மேரி லூ வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்மணி. 1910இல் பிறந்தவர். பியானோ கலைஞர், பெரிய குழுக்களுக்கு இசை எழுதிக் கொடுத்தவர், தாமே குழு நடத்தியவர். 1954இல் பாரிஸ் நகரில் புகழின் நடுவில் இருக்கும்போதே மேடையை விட்டு இறங்கிப் போனார். நியூயார்க் திரும்பி, ஆலயத்தில் மணிக்கணக்காகச் செபித்தார். போதைப் பழக்கத்தில் சிக்கிய இசைக்கலைஞர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பராமரித்தார். 1957இல் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றார். இனி இசை வேண்டாம், செபம் போதும் என்பது அவர் எண்ணம்.

அவரை மறுபடி பியானோவின் முன் உட்காரச் சொன்னவர்கள் யார் தெரியுமா? அவருக்கு அறிமுகமான குருக்களும், எக்காளக் கலைஞரான டிஸி கில்லெஸ்பி என்ற நண்பரும். உன் இசைதான் நீ மற்றவர்களுக்குச் செய்யக்கூடிய பணி என்று எடுத்துச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்தார். 1962இல், மார்ட்டின் தெ போரஸ் புனிதர் பட்டம் பெற்ற அதே ஆண்டில், அந்தக் கறுப்பினப் புனிதருக்காக ஒரு பாடலை ஜாஸ் இசையில் உருவாக்கினார். 1975இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவர் அமைத்த இசையோடு திருப்பலி நிறைவேறியது. தாலந்தைப் புதைக்கப் போனவர். தோண்டி எடுத்துத் திரும்ப வாணிபத்தில் போட்டார். 1981இல் இறக்கும்வரை இளையோருக்குக் கற்றுக்கொடுத்தார்.

அப்படியானால் ஓட்டல் மண்டபத்தில் நடந்ததெல்லாம் நல்லதா என்று யாராவது கேட்கலாம். இல்லை. இரவு வேலை, மது, வீட்டைப் பிரிந்த வாழ்க்கை எல்லாம் சோதனைகளே. இசைக்கலைஞர்களின் மனைவிமாரைக் கேட்டால் அந்த வேதனையை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். சந்தையில் நட்டமும் உண்டு என்று நான் முதலிலேயே சொன்னேன். அதனால்தான் அந்தக் குட்டில் இருந்த பீடமும் செபமாலையும் முக்கியமானவை. வெளியே அனுப்பப்பட்டவனுக்குத் திரும்பி வர ஓர் இடம் வேண்டும். பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு அல்ல. சந்தைக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிடுவது பொறுப்பும் அல்ல. அனுப்ப வேண்டும், காத்திருக்கவும் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வாணிபம் செய்தவனுக்கு என்ன கிடைத்தது? உவமையில் தலைவர் வந்ததும் நல்ல பணியாளரைப் பெயர் சொல்லாத குறையாகப் பாராட்டுகிறார். தம் மகிழ்ச்சியில் பங்கு தருகிறார். ஆனால் உலகம் பல நேரங்களில் அப்படிச் செய்வதில்லை. இந்தித் திரையிசையின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஆண்டுகளில், இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதை இசைக்குறிப்பாக எழுதி, இத்தனை வயலின், இத்தனை எக்காளம், இந்த இடத்தில் இந்தத் துணைச்சுரம் என்று பிரித்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கோவாக் கத்தோலிக்கர்கள். செபஸ்தியான் டி சூசா, ஃபிராங்க் ஃபெர்னாண்ட், அந்தோணி கொன்சால்வஸ் போன்றவர்கள். பாட்டை நாடே பாடியது. அவர்கள் பெயரை நாடு அறியவில்லை.

இவர்களில் அந்தோணி கொன்சால்வஸ் 1927இல் கோவாவில் மஜோர்டா என்ற ஊரில், ஆலயப் பாடகர் குழுத் தலைவரின் மகனாகப் பிறந்தவர். பம்பாயில் வயலின் கலைஞராகவும் ஆசிரியராகவும் இருந்தார். 1958இல் புனித சவேரியார் கல்லூரி வளாகத்தில் இந்திய ராகங்களை மேல்நாட்டுப் பெரும் இசைக்குழுவோடு இணைத்து மேடையேற்றினார். 1965இல் அமெரிக்கா போனார்; பின்பு ஊர் திரும்பி அமைதியாக வாழ்ந்தார். அவரிடம் வயலின் கற்ற மாணவர்களில் ஒருவர் பியாரேலால். அந்த மாணவர் பெரிய இசையமைப்பாளரான பிறகு, 1977இல் அமர் அக்பர் அந்தோணி படத்தில், தம் ஆசிரியரின் பெயரையே ஒரு பாட்டின் தலைவரியில் ஒலிக்கச் செய்தார். நாடு முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்து ஆடியது. அது உண்மையில் வாழ்ந்த ஒரு வாத்தியாரின் பெயர் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 2012இல் அவர் இறந்தார். திரையில் பெயர் போடாத உலகத்தில், ஒரு மாணவர் தம் குருவின் பெயரைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார். நன்றியுள்ள ஒரே ஒரு மனிதர் போதும், ஒரு பெயர் புதைந்துபோகாமல் காப்பாற்ற.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மேல்நாட்டு வாத்தியத்தை வரவேற்பது திருச்சிக்குப் புதிதல்ல. பட்டாளத்துப் பேண்டோடு நம் நாட்டுக்கு வந்த கிளாரினெட்டை எடுத்து, அதில் கர்நாடக சங்கீதத்தை முழுமையாகக் கொண்டுவந்து சங்கீத கலாநிதி விருது பெற்ற ஏ.கே.சி. நடராஜன் நம் திருச்சிக்காரர். கருவிக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை. அதை எடுப்பவரின் மூச்சே அதற்கு உயிர் என்று நமக்குக் காட்டியவர்.

நம் பங்குகளிலும் மெஸ்த்ரேக்கள் இருந்தார்கள். நாம் அவர்களை உபதேசியார் என்று அழைத்தோம். ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, ஆர்மோனியம் வாசித்து, மந்திரம் தெரியாத பிள்ளைக்குக் கூடப் பாட்டைச் சொல்லிக் கொடுத்து, மிகச் சிறிய சம்பளத்தில் வாழ்ந்து போனார்கள். இன்று மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கும், திருமண மண்டபங்களில் பாடும் எத்தனையோ பேர் தங்கள் முதல் சுரத்தை எங்கே கற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கோயில் மாடத்தில் என்பார்கள்.

அதேபோல் நம் தெருக்களில் பேண்டு செட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பாலக்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் தேர்பவனி என்றால் அவர்கள் வேண்டும். புதுநன்மைப் பவனிக்கு வேண்டும். அடக்க ஊர்வலத்துக்கும் வேண்டும். நம் வீட்டு மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் மூச்சு கொடுப்பவர்கள் அவர்கள். தேர் நிலைக்கு வந்ததும் நற்கருணை ஆசீர் தொடங்கும். நாம் உள்ளே போவோம். அவர்கள் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரமாக உட்காருவார்கள். பேசிய தொகையைக் கையில் வாங்க நள்ளிரவு ஆகிவிடும். சில நேரங்களில் மறுநாள் வரச் சொல்வதும் உண்டு. வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் முன்பணம் கொடுக்கிறோம். ஊதுகிறவனுக்கு மட்டும் ஏன் பேரம்? கூலியாளுக்குத் தராமல் பிடித்த கூலி ஆண்டவரின் காதில் கூக்குரலிடும் என்று புனித யாக்கோபு எச்சரிக்கிறார். அடுத்த திருவிழாவில் தேருக்கு முன்னால் எக்காளம் முழங்கும்போது, அந்த ஒலியில் புகழ்ச்சி மட்டும் இருக்கிறதா, கூக்குரலும் கலந்திருக்கிறதா என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வறியோர் உலக நாளில் பொட்டலம் கொடுப்பது நல்லது. ஆனால் வறியவரின் கையில் உள்ள தாலந்தை மதிப்பதும், அதற்குரிய விலையைக் கொடுப்பதும் அதைவிடப் பெரிய அன்பு. முதலாவது அவர்களை வாங்குகிறவர்களாக வைத்திருக்கிறது. இரண்டாவது அவர்களை நமக்குக் கொடுக்கிறவர்களாகப் பார்க்கிறது.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். எந்தப் பங்கிலும் செய்யக்கூடியவை.

முதலாவது, நம் ஆலயங்களின் பொருள் அறையில் தூசி படிந்து கிடக்கும் வாத்தியங்களை வெளியே எடுங்கள். பழைய ஆர்மோனியம், தந்தி அறுந்த வயலின், பெட்டியில் உறங்கும் டிரம்பெட் எதுவானாலும் சரி. அவையும் மண்ணில் புதைத்த தாலந்துதான். சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம், கட்டணம் வாங்காமல், கற்றுத்தர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். கட்டணம் கட்டிப் படிக்க முடிந்த பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. முடியாத பிள்ளைக்குக் கோயிலை விட்டால் வேறு இடம் இல்லை.

இரண்டாவது, திருவிழாக் கணக்கில் வாத்தியக்காரர்களுக்கு நியாயமான தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். திருவிழா அசனத்தில் அவர்களையும் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள். உபயதாரர்களின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது, அவர்களின் பெயரையும் வாசியுங்கள். தன் பெயரை ஆலய ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரு தொழிலாளியின் பிள்ளை அன்று இரவு தலைநிமிர்ந்து தூங்கும்.

மூன்றாவது, நம் பாடகர் குழுவில் வளர்ந்து, இன்று வெளிக் கச்சேரிக்குப் போகிற தம்பியைப் பார்த்து அவன் கெட்டுப்போனான் என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமை இரவு வாசித்துவிட்டு ஞாயிறு காலைத் திருப்பலிக்குக் கண் சிவக்க வந்து பின்வரிசையில் நிற்கிறான் என்றால், ஏன் தாமதம் என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவனுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்று அவன் தெரிந்துகொள்ளட்டும். மாலையில் ஏற்றிய அந்தக் குட்டின் விளக்கு நம் வாசலிலும் எரியட்டும்.

கொரிந்தியருக்கு எழுதும்போது புனித பவுல் எக்காளத்தைப் பற்றி ஒரு காரியம் சொல்கிறார். அதன் ஒலி தெளிவாக இல்லாவிட்டால் படைவீரன் எப்படித் தயாராவான் என்று கேட்கிறார். நம் பங்குகள் எழுப்பும் ஒலி தெளிவாக இருக்க வேண்டும். கொடைகள் கடவுளுடையவை என்று வாயால் சொல்லிவிட்டு, அந்தக் கொடையைச் சுமப்பவர்களைச் சுவரோரம் உட்காரவைத்தால், நம் எக்காளம் தெளிவாக ஒலிக்கவில்லை என்றுதான் பொருள்.

அல்டோனாவில் பிறந்த அந்தோணி சவேரியாருக்கு ஆண்டவர் எத்தனை தாலந்து கொடுத்தார் என்று எண்ணிச் சொல்ல நம்மால் முடியாது. ஒன்று மட்டும் தெரியும். அவர் அதைப் புதைத்து வைக்கவில்லை. தலைவர் திரும்பி வந்து கணக்குக் கேட்கும் நாளில், அவருக்கும் அவருக்கு முன்னிருந்த பெயர் அறியாத மெஸ்த்ரேக்களுக்கும் நம் உபதேசியார்களுக்கும் தம் மகிழ்ச்சியில் இடம் தருவாராக. நம் கையில் இருப்பது ஐந்தோ, இரண்டோ, ஒன்றோ, அதைத் துணிந்து செலவிடும் மனத்தை நமக்கும் தருவாராக.

செபிப்போம்: கொடைகளின் ஊற்றாகிய இறைவா, பாடுகிறவர்களையும் இசைக்கிறவர்களையும் கற்றுக்கொடுக்கிறவர்களையும் ஆசீர்வதியும். இரவில் உழைத்துப் பகலில் உறங்கும் கலைஞர்களின் குடும்பங்களைக் காத்தருளும். அவர்களின் கூலியை நாங்கள் தடுக்காமலும், அவர்களின் பெயரை மறவாமலும் இருக்கச் செய்யும். புனித செசிலியாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.